காலை ஆறு முதல் காலை ஆறு வரை

என் கையெழுத்து நன்றாக இருக்கும், மேடம். அதனால்தான் டைப் அடிக்கும் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இப்போது இந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். பேனா கொஞ்சம் கசிகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. பால் விடாத கட்டன்சாயாவும் நன்றாக இருந்தது. சர்க்கரையை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.

பெயர் பிலோமினா. வயது ஐம்பத்து நான்கு. தொடுபுழையில் இருபத்தொன்பது வருடமாக ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. அதில் கடைசிப் பதினொரு வருடம் ஐ.சி.யு.வுக்கு சிஸ்டர் இன்சார்ஜ். டாக்டர்கள் எழுதுவதைப் படிக்க முடியாமல் மருந்துக்கடைப் பிள்ளைகள் மாடி ஏறி என்னிடம்தான் வருவார்கள். நான் அதைத் திருப்பி எழுதிக் கொடுப்பேன். நான் எழுதிய லேபிளைப் பார்த்து எந்த நர்ஸ் பெண்ணும் இன்றுவரை மருந்து மாற்றிப் போட்டதில்லை. சிரிஞ்சில் என்ன மருந்து, யாருக்கு, எத்தனை மணிக்குக் கலந்தது, எத்தனை மணிவரை ஓடும் என்று நான்கு வரி இருக்கும். வீட்டிலும் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. என் மகன் டிட்டோ அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வான். "அம்மச்சி, மல்லிப்பொடி டப்பாவுக்குக்கூட தேதி ஒட்டிட்ட. எனக்கு எப்ப ஒட்டப் போற?" என்பான்.

நான்கு பேரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் அதை டாக்டர் ஜயதேவனிடமிருந்துதான் தொடங்க முடியும். நான் செய்தது அவருக்காக. அந்த நான்கு பேர்மீது எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

ஜயதேவன் பாலக்காட்டுக்காரர். ஆஸ்திரேலியாவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு எங்களிடம் வந்தார். சத்தம் போட மாட்டார். எந்த நர்ஸையும் "சிஸ்டரே" என்று இழுத்துக் கூப்பிடுவார். இளம்பெண்களுக்கு அவரைக் கண்டால் மனம் உருகும். அவர் கொண்டுவந்ததுதான் அந்த முறை. அதற்குமுன் நாங்கள் எல்லா ஆஸ்பத்திரிகளையும் போலத்தான் செய்துகொண்டிருந்தோம். உயிருக்குப் போராடும் நோயாளிக்குக் கடுமையான கிருமித்தொற்று என்றால், ஆன்டிபயாடிக்கை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அரைமணியில் ஏற்றி முடித்துவிடுவோம். ஏற்றியதும் ரத்தத்தில் மருந்து உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும், அடுத்த வேளைக்குள் காலியாகிவிடும். அந்த இடைவெளியில் கிருமி தலைதூக்குகிறது என்பது ஜயதேவனின் வாதம். முதலில் ஒரு முழு டோஸ் கொடுத்துவிட்டு, அதன்பின் பம்ப் வைத்து நாள் முழுக்க, நிற்காமல், சொட்டுச் சொட்டாக மருந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கவேண்டும் என்பார். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் நாள் முழுவதும் ஸ்பூனால் கஞ்சி ஊட்டுவதுபோல. பம்ப் நிற்கவே கூடாது. சிரிஞ்ச் மாற்ற இரண்டு நிமிடத்துக்குமேல் எடுத்தால் வந்து பக்கத்தில் நிற்பார். அதுவே போதும்.

அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. தூளாக இருக்கும்வரை கெடாது. தண்ணீரில் கலந்துவிட்டால் நேரம் ஆக ஆக வீரியம் போய்விடும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். அதனால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு சிரிஞ்ச் என்று அவர் வகுப்பில் சொல்லியிருந்தார். வகுப்பில் அவர் சொல்லாதது எது? கை கழுவுவதற்கே முக்கால் மணி நேரம் வகுப்பு எடுத்த மனிதர்.

ட்யூட்டி அறையில் ஒரு வெள்ளைப் பலகை வைத்தார். இந்த முறையில் மருந்து ஏற்றி வீட்டுக்குப் போனவர்களுக்கு ஒரு பச்சைக் கோடு. இறந்துபோனால் சிவப்பு. பச்சை ஏறிக்கொண்டே போனது. எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

டிட்டோவுக்கு இருபத்து மூன்று வயது. அவன் அப்பா அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார், அதனால் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். கனடா போவதற்கு இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். மூன்று வருடத்துக்குமுன், ஈஸ்டருக்குப் பத்து நாள் இருக்கும்போது, மூவாற்றுப்புழை ரோட்டில் அவன் பைக்கை ஒரு பஸ் தட்டியது. விலா எலும்புகள் ஐந்து முறிந்தன. என்னுடைய ஐ.சி.யு.விலேயே, என்னுடைய நான்காம் படுக்கையிலேயே, வென்டிலேட்டரில் வைத்தார்கள். ஐந்தாம் நாள் புதிய காய்ச்சல் வந்தது. நுரையீரலில் கிருமி.

ஜயதேவன் தன் முறையைத் தொடங்கினார். எனக்கு ஏனோ மனசு கேட்கவில்லை. மூன்று வேளையாகவே போடுங்கள், பழைய வழியிலேயே போகட்டும் என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார். "சிஸ்டரே, ஊரார் பிள்ளைக்கெல்லாம் நல்லதக் குடுத்துட்டு, உங்க பிள்ளைக்கு மட்டும் ரெண்டாந்தரத்தக் குடுக்கச் சொல்றீங்களே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை.

முதலில் மற்றப் பெண்கள்தான் சிரிஞ்ச் மாற்றினார்கள். வியாழக்கிழமை மதியம் ஷைபி என்கிற பெண் சிரிஞ்ச் மாற்ற ஒன்பது நிமிடம் எடுத்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஊசி எங்கே, பஞ்சு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். ஒன்பது நிமிடம் என் மகனுக்கு மருந்து போகவில்லை. அவளை அடிக்காமல் விட்டது என் பயிற்சி.

மறுநாள் துக்க வெள்ளி. பாதிப் பெண்கள் வேண்டுதலுக்காக மலையாற்றூர் மலை ஏறப் போய்விட்டார்கள். அன்று முதல் டிட்டோவின் மருந்தை நான் என் கையில் எடுத்துக்கொண்டேன். நான் லீவில் இருந்தேன், ஆனால் என்னை யார் கேட்பது? காலை ஆறு மணிக்கு நானே கலந்து, நானே லேபிள் எழுதி, வெளிச்சம் படாமல் வெள்ளித்தாள் சுற்றி மாட்டுவேன். பம்ப் ஸ்டாண்டில் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் தந்த ஓலையைக் கிழித்து ஒரு துண்டு கட்டிவைத்தேன். அடுத்த நாள் காலை ஆறு மணிவரை வேறு ஒருத்தியின் கையும் அதில் படாது. மயக்க மருந்தை நாங்கள் எப்போதும் அப்படித்தான் வைப்போம். ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, மேடம். பம்ப்பில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்த ஐ.சி.யு.வில் அவ்வளவு ஒழுங்காக ஓடிய பம்ப் வேறு எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஏ.சி. நின்றுபோனது. மெக்கானிக் ஈஸ்டர் முடிந்துதான் வருவேன் என்றான். ஏப்ரல் வெயில் தெரியுமே. இரண்டு மேசை விசிறி வைத்தோம். வியர்வையில் எங்கள் உடுப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை காய்ச்சல் ஏறியது. ஞாயிறு காலை ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியது. கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. மாலை நான்கு மணிக்கு டிட்டோ போனான்.

இனி நான் எழுதப்போவதை நிதானமாகப் படியுங்கள். எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான்.

எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜயதேவன் மட்டும் பம்ப் பக்கம் போனார். சிரிஞ்சைக் கழற்றி, வெள்ளித்தாளைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லேபிளைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அந்த லேபிளை மெதுவாக உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எங்கள் வழக்கப்படி ஓடி முடிந்த சிரிஞ்சின் லேபிளை நோயாளியின் சார்ட்டில் ஒட்டிவைப்போம். அவர் சார்ட்டைத் திருப்பி, வெள்ளி, சனி இரண்டு நாள் லேபிள்களையும் உரித்தெடுத்தார். யாரும் கவனிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாலும் நான் கவனித்தேன். இருபத்தாறு வருட நர்ஸ் கண் அது, மேடம். எந்த நிலையிலும் மூடாது.

என்னிடம் வந்து குனிந்து, "நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க, சிஸ்டரே" என்றார்.

நான் ஒன்றும் கேட்காமலே ஒருவன் எனக்குச் சமாதானம் சொல்கிறான் என்றால் அவனிடம் ஏதோ இருக்கிறது. நிரபராதி எதற்குக் காகிதத்தைத் திருடுகிறான்? அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் முறை என் மகனைக் கொன்றுவிட்டது, அதற்குச் சாட்சியை அவர் பையில் போட்டுக்கொண்டு போகிறார்.

நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனைக்கு வந்தார். அப்பத்தில் ஒரு துண்டு பிய்த்துத் தின்றார், மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் வேலைக்குத் திரும்பியபோது மருந்து கலக்கும் அறைச் சுவரில் சிவப்பு எழுத்தில் புதிதாக ஒரு அட்டை தொங்கியது. ஒரு நாள் மருந்தை ஒரே சிரிஞ்சில் வைக்கக்கூடாது, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாகக் கலக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. தன் பிழையைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அதோடு மருந்து கலக்கும் பொறுப்பு முழுவதையும் என்னிடமே கொடுத்தார். "இதுல எனக்கு உங்களவிட நம்பிக்கையான ஆள் இல்ல" என்றார். கையூட்டுக் கொடுப்பவன் பேச்சு மாதிரி இருந்தது.

வெள்ளைப் பலகையைப் பார்க்கப் போனேன். டிட்டோவின் சிவப்புக் கோட்டைத் தேடினேன். இல்லை.

ஷைபியிடம் கேட்டேன். டாக்டர் அந்தக் கோட்டைப் போடவே இல்லை, டிட்டோவை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார் என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டாள். என் மகன் செத்ததற்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கோடுகூட இல்லை.

எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது. அதை இங்கே மறைக்க மாட்டேன். காலையில் எழுந்ததும் அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். மூன்று வருடம் அந்த வெறுப்போடு அவருக்குச் சாயா ஊற்றிக் கொடுத்தேன், அவர் மகள் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினேன். பச்சைக் கோடுகள் பலகையில் இடமில்லாமல் ஓரத்தில் சிறிதாக ஏறின. ஒவ்வொரு கோட்டையும் என் நெஞ்சில் இழுப்பதுபோல இருக்கும்.

இந்த வருடம் ஜூனில் கொச்சியிலிருந்து அழைப்பு வந்தது. ஓணத்துக்கு முந்தைய வாரம் பெரிய மருத்துவ மாநாடு, அதில் இந்த முறையைப் பற்றி அவர் பேசவேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் அவர் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். நான் வேறு எதுவும் கேட்கவில்லை, மேடம். என் முறையில் பிழை இருக்கிறது, டிட்டோ அதில்தான் செத்தான் என்று அந்த வாய் சொல்லவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கேட்டால் சொல்ல மாட்டார். அப்படியானால் பலகையைச் சொல்லவைக்க வேண்டும்.

நான் யாருக்கும் விஷம் கொடுக்கவில்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு துளி கூடுதலாகவும் எதையும் கொடுக்கவில்லை. முந்தின நாள் கலந்த மருந்தை, கலக்கும் அறையில் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் சூடு அடிக்கும் அலமாரியில் வைத்திருப்பேன். மறுநாள் அதற்குப் புது லேபிள் எழுதி, வெள்ளித்தாள் சுற்றிக் கொடுப்பேன். மாட்டும் பெண்கள் லேபிளைப் படிப்பார்கள், பம்ப்பைத் தட்டுவார்கள், பச்சை விளக்கு எரியும். சார்ட்டில் எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே போவது வெறும் மஞ்சள் தண்ணீர். கலந்து ஒரு நாள் ஆகிவிட்டால் அந்த மருந்து செத்த மருந்து. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியபடியே நாள் முழுக்க நான் கொடுத்தது அதைத்தான்.

அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று நேற்றுக் கேட்டீர்கள். தெரியவில்லை. ஒரு நாள் காலை அந்தச் சிவப்பு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தானாக வந்தது.

பெயர்களைக் கேட்கிறீர்கள். எங்களுக்குப் படுக்கை எண்தான் நிற்கும். முதலில் ஏழாம் படுக்கை, ரப்பர் எஸ்டேட் வாட்ச்மேன், எலிக்காய்ச்சல் முற்றி வந்தவர். அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. அதனால் அவரைத் தேர்ந்தெடுத்தேன் என்று நினைக்காதீர்கள், அப்போது வேறு யாரும் அந்த முறையில் இல்லை. ஐந்து நாள் ஆனது. பிறகு இரண்டாம் படுக்கை, மீன்வண்டி ஓட்டுநர், நுரையீரல் தொற்று. பிறகு நான்காம் படுக்கை, அங்கன்வாடி டீச்சர். அவளுக்கு வயிற்று ஆபரேஷனுக்குப் பின் சீழ். மூவருக்கும் மற்றக் கவனிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. வாய் துடைத்து, புரட்டிப் போட்டு, முதுகில் புண் வராமல் பார்த்தேன். டீச்சரின் தலைமுடியை நானே பின்னிவிட்டேன். யாருக்காவது வலி என்றால் உடனே டாக்டரைக் கூப்பிட்டேன்.

ஜயதேவன் கோடு போட வரும்போது நான் அந்த அறையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். ஏழு வாரத்தில் மூன்று சிவப்பு. அதற்குமுன் இரண்டு வருடத்தில் மொத்தமே நான்கு. மனிதர் இளைத்துப்போனார். மருந்துக் கம்பெனியை மாற்றினார், பம்ப்களைச் சோதிக்கச் சொன்னார், கிருமிக்குப் புதிய பலம் வந்துவிட்டதோ என்று ரத்தத்தைக் கொச்சிக்கு அனுப்பினார். எல்லாரையும் சந்தேகப்பட்டார், என்னைத் தவிர. ஒருநாள் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, எங்கே தப்புப் பண்ணுகிறேன் என்று என்னிடமே கேட்டார். எனக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் என்னைக் கெட்டவள் என்பீர்கள். இனிப்பாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் வியாழன் கூட்டத்தில் எழுந்து நின்றார். கொச்சிக்குப் போகவில்லை என்று எழுதிவிட்டதாகச் சொன்னார். "கோளாறு என் முறையிலதான் இருக்கணும். திங்கக்கெழமையிலேர்ந்து புதுசா வர்றவங்களுக்கு மூணு வேளையாவே போடலாம்" என்றார். பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதோடு நிறுத்தியிருக்கலாமே என்றீர்கள். பாதி கிடைத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் மூன்று பேரின் பெயரையும் சொன்னார், மேடம். வாட்ச்மேனுக்கு என்ன ஆனது, ஓட்டுநருக்கு என்ன ஆனது, டீச்சருக்கு என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டிட்டோ பெயர் வரும் வரும் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

திவாகரன் அதற்கு முந்தின நாளே வந்து பம்ப் முறையில் இருந்தார். அந்த முறையில் கடைசி ஆள். பஸ் ஸ்டாண்டில் லாட்டரி விற்பவர், ஆறாம் படுக்கை. மற்றவர்களைவிடப் பலமான உடம்பு. புதிதாகக் கலந்த மருந்து போயிருந்தால் பத்து நாளில் நடந்து போயிருப்பார், அது எனக்குத் தெரியும். அவர் மனைவி பங்கஜாட்சி வெளியே பெஞ்சிலேயே கிடந்தாள். வெள்ளிக்கிழமை என் உடுப்புப் பையில் ஒரு லாட்டரிச் சீட்டைச் செருகினாள். "சேச்சி, அடிச்சா உங்களுக்கு. அடிக்கலன்னாலும் பரவால்ல, அவர நீங்க பாத்துக்குறீங்கள்ல, அது போதும்" என்றாள். நான் அவளுக்குக் கேண்டீனில் இருந்து கஞ்சி வாங்கிவரச் சொன்னேன். பிறகு உள்ளே போய் இரண்டு மணிச் சிரிஞ்சுக்கு லேபிள் எழுதினேன்.

திவாகரன் புதன்கிழமை காலை பத்தரைக்குப் போனார். அந்தச் சீட்டின் குலுக்கல் அடுத்த நாள். பேப்பரில் பார்த்தேன், அடிக்கவில்லை. என் பைபிளுக்குள் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தமுறை ஜயதேவன் ஒரு காரியம் செய்திருந்தார். கிருமியைச் சோதிப்பதற்குப் பதில், திவாகரனின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்க அனுப்பியிருந்தார். பாதி ஓடிய சிரிஞ்சையும் ஐஸில் வைத்து அனுப்பியிருந்தார். சனிக்கிழமை காலை முடிவு வந்தது. பத்து மணிக்கு மருந்து கலக்கும் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். நான் லேபிள் எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஆறாம் பெட்டோட ரத்தத்துல மருந்தே இல்ல, சிஸ்டரே" என்றார். "சிரிஞ்சுல இருந்தது பழசு."

ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு அவசியமே இல்லை. எத்தனை பேர் என்று கேட்டார். நாலு என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை, அதனால் நானே சொன்னேன்.

"டிட்டோ பேர நீங்க சொல்லணும். அதுக்குத்தான்."

கையில் இருந்த முடிவுத் தாளை மடித்து மேசையில் வைத்தார். பிறகு, "டிட்டோவுக்கும் இதேதான் ஆச்சு, சிஸ்டரே" என்றார். "தப்பு என்னோடது. அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க உயிரோட இருக்கமாட்டீங்கன்னு நெனச்சேன். நான் வாயத் தொறந்திருந்தா இந்த நாலு பேரும் இருந்திருப்பாங்க."

அவர் அழுதார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தப்பு என்னோடது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், மேடம். அதை உங்கள் அறிக்கையில் அடிக்கோடு போட்டு எழுதுங்கள். மூன்று வருடத்தில் அன்றுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. நான் கை கழுவினேன். ட்யூட்டி அறைக்குப் போய்ச் சிவப்புப் பேனாவால் டிட்டோவுக்கு ஒரு கோடு போட்டேன். ஷைபியிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து, நோயாளிகள் நிலவரத்தை எழுதி ஒப்படைத்தேன். நீங்களே போலீசுக்கு ஃபோன் பண்ணுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஃபோனை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார், நம்பரை நான்தான் அழுத்திக் கொடுத்தேன்.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போட இருந்தேன். இப்போது நீங்கள் வந்து இந்த பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்துவிட்டீர்கள். டாக்டர் தன் பர்சில் மூன்று வருடமாக வைத்திருந்தாராம், கேட்டதும் எடுத்துக் கொடுத்தாராம். உள்ளே மூன்று லேபிள்கள். ஓரம் மடங்கியிருக்கிறது, எழுத்து மங்கவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு. டிட்டோ, நான்காம் படுக்கை. மூன்றிலும் கடைசி வரி ஒன்றுதான். காலை ஆறு முதல் காலை ஆறு வரை.

"இது யார் கையெழுத்து, சேச்சி?" என்று கேட்டீர்கள். இதுவரை நீங்கள் என்னைச் சேச்சி என்று கூப்பிட்டதில்லை.

என் கையெழுத்துதான். நல்ல கையெழுத்து என்று முதல் வரியிலேயே சொன்னேனே.

ஆகவே பதிவுக்காக எழுதுகிறேன். ஏழாம் படுக்கை, இரண்டாம் படுக்கை, நான்காம் படுக்கை, ஆறாம் படுக்கை ஆகிய நால்வருக்கும் கலந்து ஒரு நாள் ஆன மருந்தைத் தெரிந்தே கொடுத்தேன், அதனால்தான் அவர்கள் இறந்தார்கள், அந்த மருந்தில் உயிர் இருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதில் கையெழுத்திடுகிறேன். டிட்டோவை மட்டும் இந்தப் பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்க்கச் சொல்லாதீர்கள். ஏ.சி. இல்லைதான், ஒரே சிரிஞ்ச்தான், இருபத்து நான்கு மணி நேரம்தான். ஆனால் அதைக் கலந்தது அவன் அம்மா, மேடம். அது கெட்டுப்போயிருக்காது.